டேவிட் லீனின் 14 வருட மௌனம்: விமர்சகர்கள் மட்டும்தான் காரணமா?

1970-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நியூயார்க்கில் அல்கான்குவின் ஓட்டலில் ஒரு மதிய விருந்து. அழைத்தது அமெரிக்காவின் தேசியத் திரைப்பட விமர்சகர்கள் சங்கம். விருந்தாளி 62 வயது டேவிட் லீன், சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை இரண்டு முறை வாங்கியவர். ‘குவாய்’, ‘லாரன்ஸ்’, ‘ஷிவாகோ’ என்று அடுத்தடுத்து வந்த மூன்று படங்களுக்கும் சேர்த்து 19 ஆஸ்கர். ஏதோ பாராட்டிப் பேசப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் போயிருக்கிறார். போன இடத்தில் சுற்றி உட்கார்ந்து இரண்டு மணிநேரம் வறுத்தெடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவருடைய ‘ரையன்ஸ் டாட்டர்’ வெளியாகியிருந்தது. கூட்டத்தை நடத்திய ரிச்சர்ட் ஷிக்கல், ‘ப்ரீஃப் என்கவுன்ட்டர்’ எடுத்த மனிதர் இப்படி ஒரு குப்பையை எப்படி எடுக்க முடிந்தது என்று முகத்துக்கு நேராகக் கேட்டார் (அவர் சொன்ன வார்த்தை குப்பையைவிட நாற்றமானது). நொந்துபோன லீன், நான் 16 எம்எம்மில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால்தான் உங்களுக்குத் திருப்தி போலிருக்கிறது என்றார். நியூயார்க்கர் விமர்சகர் பாலின் கேல் விடவில்லை, கலர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

அடுத்த படம் வந்தது 1984-இல். நடுவில் 14 வருடம்.

இந்தக் கதையை எங்கே படித்தாலும் ஒரே மாதிரிதான் முடியும்: விமர்சகர்கள் ஒரு மேதையின் வாயை அடைத்துவிட்டார்கள். அந்த மதிய உணவு தன் நம்பிக்கையை ஆட்டிவிட்டது என்று லீனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அதனால் யாரும் மேற்கொண்டு தோண்டுவதில்லை. நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவருடைய படங்களை வரிசையாகப் பார்த்தேன், வருடங்களைப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன், கணக்கு இடித்தது.

வருடங்கள் சொல்வது

லீன் இயக்கியது மொத்தம் 16 படம். முதல் படம் 1942-இல், நாடகாசிரியர் நோயல் கவர்டோடு சேர்ந்து இயக்கிய ‘இன் விச் வி சர்வ்’. அங்கிருந்து 1955-இல் வெனிஸில் எடுத்த ‘சம்மர்டைம்’ வரைக்கும் 13 வருடத்தில் 11 படம். அதற்குப் பிறகு சாகும்வரை ஐந்தே ஐந்து: ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ 1957, ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962, ‘டாக்டர் ஷிவாகோ’ 1965, ‘ரையன்ஸ் டாட்டர்’ 1970, ‘எ பேசேஜ் டு இந்தியா’ 1984.

ஆக, விருந்துக்கு ரொம்ப முன்னாலேயே வண்டியின் வேகம் குறைந்துவிட்டது. விமர்சகர்கள் அடித்ததும் அதுதான் முதல் தடவை இல்லை. ‘ஷிவாகோ’ வந்தபோதும் சாத்து சாத்தென்று சாத்தினார்கள். படம் ஓடு ஓடென்று ஓடி எம்ஜிஎம் கம்பெனிக்குக் காசை வாரிக் கொட்டியது, லீனுக்கும் அதில் பங்கு வந்தது, அவர் பாட்டுக்கு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். திட்டு வாங்கினால் படுத்துவிடுகிற ஆள் என்றால் 1965-லேயே படுத்திருக்க வேண்டும். அப்படியானால் 1970-இல் மட்டும் ஏன் அவ்வளவு ஆழமாகக் குத்தியது?

ஷிக்கல் கேட்ட கேள்வியில்தான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்ட விதம் அநாகரிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதை விளங்கிக்கொள்ள லீன் எங்கிருந்து வந்தார் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கத்தரியோடு வந்தவர்

1908-இல் லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் பிறந்தவர். குவேக்கர் என்ற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், சினிமா பார்ப்பதே தப்பு என்று நினைத்த வீடு. படிப்பு ஏறவில்லை. அப்பாவின் கணக்கு ஆபீசில் உட்கார வைத்தார்கள், அதுவும் ஒட்டவில்லை. வீட்டில் சினிமாப் பத்திரிகைகளாகக் கிடப்பதைப் பார்த்த அத்தை ஒருவர்தான், இவன் ஏன் அந்தத் தொழிலுக்கே போகக் கூடாது என்று கேட்டாராம். 1927-இல் கோமாண்ட் ஸ்டுடியோவில் சம்பளமில்லாமல் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். டீ வாங்கிக் கொடுப்பது, கிளாப் அடிப்பது என்று தொடங்கி எடிட்டிங் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் நியூஸ் ரீல். தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடுகிற செய்திப் படம். எடுத்து வருகிற சுருளை உடனே வெட்டி ஒட்டி அனுப்ப வேண்டும், அழகு பார்க்க நேரமில்லை. கையில் இருப்பதை வைத்துச் சொல், சொல்லி முடித்ததும் நிறுத்து. 1930-களின் முடிவில் இங்கிலாந்தில் பேர் சொல்லும் எடிட்டர்களில் ஒருவர் ஆகிவிட்டார். ‘பிக்மேலியன்’ அவர் எடிட் செய்தது, பவல்-பிரஸ்பர்கர் என்ற சினிமா ஜோடியின் ‘49-ஆவது பேரலல்’ படமும் அவர் கையால்தான் போனது.

இயக்க வந்தபிறகும் அந்தக் கைதான் வேலை செய்தது. 1945-இல் வந்த ‘ப்ரீஃப் என்கவுன்ட்டர்’ மொத்தமே 86 நிமிடம். போர் இன்னும் முடியவில்லை, லண்டனில் ராத்திரி விளக்குப் போட்டு ஷூட்டிங் நடத்த முடியாது. அதனால் வடக்கே லங்காஷையரில் கார்ன்ஃபோர்த் என்ற ரயில் நிலையத்துக்குப் போய் நடு இரவுகளில் எடுத்தார்கள். கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. கல்யாணமான ஒரு பெண், கல்யாணமான ஒரு டாக்டர், ஸ்டேஷன் டீக்கடையில் பழக்கம், சில வியாழக்கிழமைகள், பிரிவு. அவ்வளவுதான்.

அந்த முதல் காட்சியை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். டீக்கடையில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்த ஒரு வாயாடி அம்மா வந்து நடுவில் உட்கார்ந்து வளவளக்கிறார். ரயில் வருகிறது, அந்த ஆண் எழுந்து அந்தப் பெண்ணின் தோளில் லேசாகக் கை வைத்துவிட்டுப் போகிறார். நமக்கு எதுவும் தெரியாது, யாரோ இரண்டு பேர். படத்தின் முடிவில் அதே காட்சி மறுபடி வருகிறது. இப்போது அது அவர்கள் இனி எந்தக் காலத்திலும் பார்த்துக்கொள்ளப் போகாத கடைசி நிமிடம் என்று நமக்குத் தெரியும், அந்த அம்மா அதையும் வளவளத்தே தின்றுவிட்டார் என்று தெரியும், தோளில் படுகிற அந்தக் கை இந்தத் தடவை நம்மேல் இறங்குகிறது. நடப்பது அதேதான், நமக்குத் தெரிந்தது மட்டும் கூடியிருக்கிறது. மூலமாக இருந்த கவர்டின் ஓரங்க நாடகத்தில் இந்த முன்பின் அமைப்பு கிடையாது. எதை எப்போது காட்டுவது, எதற்குப் பிறகு எதை ஒட்டுவது என்றே யோசித்துப் பழகியவர்களின் புத்தி இது.

இப்போது 25 வருடம் தள்ளி ‘ரையன்ஸ் டாட்டர்’. கல்யாணமான ஒரு பெண், வேறொருவன்மேல் காதல். அதே கதை! டாக்டராக நடித்த ட்ரெவர் ஹோவர்டே இதில் பாதிரியாராக வருகிறார். அன்று தயாரிப்பில் கூட நின்ற அந்தோனி ஹேவ்லாக்-ஆலன்தான் இதற்கும் தயாரிப்பாளர். ஆய்வுக்கு வசதியாக இருக்கட்டும் என்றே யாரோ செய்து கொடுத்த மாதிரி எல்லாம் அப்படியே இருக்கிறது, இரண்டு விஷயம் தவிர. இது மூன்று மணிநேரத்துக்கும் மேல் ஓடுகிறது. இதில் லீனிடம் போதும் என்று சொல்ல ஆளே இல்லை.

அயர்லாந்தின் மேற்குக் கோடியில் டிங்கிள் தீபகற்பத்தில் கல்லால் ஒரு கிராமத்தையே கட்டினார்கள், ஒரு வருடம் போல ஷூட்டிங் நடந்தது. நிஜப் புயல்தான் வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தார்கள், லென்ஸில் அலை அடித்தால் தண்ணீரைச் சிதறடிக்க, கப்பல்களில் இருப்பதுபோல் சுழல்கிற கண்ணாடி ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் மாட்டினார் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங். வெயில் போதாமல் கடற்கரைக் காட்சிகள் சிலவற்றைத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் எடுத்தார்கள். அந்தப் புயல் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வாய் பிளக்கும், யங்குக்கு ஆஸ்கரும் கிடைத்தது, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கதாநாயகியின் மனசுக்குள் என்ன நடக்கிறது? காட்டுக்குள் காதலர்கள் சேரும்போது மரம் ஆடுகிறது, விதை பறக்கிறது, வெயில் சல்லடையாக விழுகிறது. தோளில் ஒரு கையை வைத்தே இதைவிடப் பத்து மடங்கு சொன்னவர்தானே ஐயா நீங்கள்?

படம் பெரிய தோல்வியும் இல்லை. கூட்டம் வந்தது, அதில் நடித்த ஜான் மில்ஸுக்கும் ஆஸ்கர். அதனால் வசூல்தான் அவரை முடக்கியது என்றும் சொல்ல முடியாது. அந்த மேஜையில் கேட்கப்பட்ட கேள்வி அவருக்கே உள்ளே எங்கோ தெரிந்திருந்த கேள்வி என்பதால்தான் அது தைத்தது என்பது என் ஊகம்.

நடுவில் இருந்த ஸ்பீகல்

சின்னப் படத்திலிருந்து பெரிய படத்துக்குப் போனதுதான் தப்பு என்று சொல்ல வரவில்லை. ‘லாரன்ஸ்’ மூன்றரை மணிநேரப் படம், அதில் கத்தரி எவ்வளவு கூர்மையாக இருக்கிறது! எரிகிற தீக்குச்சியை லாரன்ஸ் ஊதி அணைத்த நொடியில் பாலைவனத்துச் சூரியோதயம் வருகிறதே, அது திரைக்கதையில் ஒன்று மற்றொன்றில் மெல்லக் கரைவதாகத்தான் இருந்தது. எடிட்டர் ஆன் கோட்ஸ் நேரடியாக வெட்டிப் பார்க்கலாம் என்றார், லீன் ஓரிரு ஃபிரேம்களை இப்படி அப்படிக் குறைக்கச் சொன்னார், உலக சினிமாவிலேயே அதிகம் பேசப்பட்ட வெட்டுகளில் ஒன்று பிறந்தது.

ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் சாம் ஸ்பீகல் என்று ஒரு தயாரிப்பாளர் இருந்தார். தந்திரக்காரர், கையை இறுக்கிப் பிடிப்பவர். ஜோர்டான் பாலைவனத்தின் அழகில் லீன் மயங்கிக் கிடந்தார், விட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் மணலைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். ஸ்பீகல் மொத்த யூனிட்டையும் அங்கிருந்து கிளப்பி ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். லீனுக்குக் கடுங்கோபம். 1962 டிசம்பர் 10-ஆம் தேதி மகாராணி முன்னிலையில் லண்டனில் பிரீமியர் என்று தேதியும் குறித்தாகிவிட்டது, இனி தள்ளிப்போட வழியில்லை. நியூஸ் ரீல் நாட்களைப் போலக் கழுத்தில் கத்தி. படம் வந்தது.

‘குவாய்’க்கும் ஸ்பீகல்தான். இலங்கையில் கித்துல்கலவில் களனி ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓடவிட்டு வெடித்தார்கள். முதல் நாள் ஒரு கேமராமேனிடமிருந்து பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டேன் என்ற சிக்னல் வராததால் வெடியை நிறுத்திவிட, ரயில் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் மோதி நின்றது. ரயிலைத் திரும்பக் கொண்டுவந்து மறுநாள் எடுத்தார்கள். இந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. படம் காட்டுவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையை, அதில் செத்தவர்களில் வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகம் ஆசியக் கூலிகள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். படத்தில் அவர்கள் இருந்த சுவடே கிடையாது. தமிழ் ஆட்கள் வாழ்ந்த தீவிலேயே எடுத்தும் அப்படி. லீன் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை, பிரெஞ்சு நாவலை எடுத்தார், நாவலின் பார்வை அங்கேதான் இருந்தது. ஆனாலும் உறுத்தும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘லாரன்ஸ்’ முடிந்ததும் ஸ்பீகலோடு உறவு முடிந்தது. ‘ஷிவாகோ’ கொட்டிய பணம் லீனுக்கு இரண்டு விஷயத்தைக் கொடுத்தது: வேலை செய்தே ஆக வேண்டும் என்ற அவசியம் போனது, கேட்டதைக் கொடுக்க ஸ்டுடியோ தயாராக நின்றது. ‘ரையன்ஸ் டாட்டர்’ அந்தச் சுதந்திரத்தின் விளைச்சல்.

மௌனம் உண்மையில் எவ்வளவு?

14 வருடமும் மனுஷன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார் என்பதும் பொய். 70-களின் முதல் பாதி ஊர் சுற்றலில் போனது, வீடு என்று நிலையாக ஒன்றில்லை, ஓட்டல் வாழ்க்கை. இரண்டாம் பாதியில், பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் மாலுமிகள் கேப்டனுக்கு எதிராகச் செய்த கலகத்தைப் பிடித்துக்கொண்டார். கேப்டன் ப்ளை, ஃப்ளெச்சர் கிறிஸ்டியன், டஹிட்டி தீவு, எல்லாரும் அறிந்த கதைதான். லீனுக்கு அது ஒரு படத்தில் அடங்காது, இரண்டு படம் வேண்டும். ராபர்ட் போல்ட் எழுத உட்கார்ந்தார், டீனோ டி லாரன்டிஸ் பணம் போட வந்தார், நியூசிலாந்தில் கப்பலையே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். செலவு ஏற ஏற பணம் போட்டவர் பின்வாங்கினார். 1979-இல் போல்ட்டுக்கு மாரடைப்பு, கூடவே பக்கவாதம், பேச்சே போய்விட்டது. எழுதும் கையும் போய், பணமும் போய், கடைசியில் அந்தக் கப்பலில் ஏறிப் படம் எடுத்தவர் ரோஜர் டொனால்ட்சன். ‘தி பவுண்டி’ 1984-இல் வந்தது, லீனின் அடுத்த படம் வந்த அதே வருடம்.

இத்தனை வருட உழைப்பில் லீன் பெயரோடு வெளிவந்தது ஒன்றே ஒன்று: கேப்டன் குக் டஹிட்டி கடலில் விட்டுப்போன நங்கூரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது பற்றி நியூசிலாந்து டிவிக்கு எடுத்த ஒரு சின்ன ஆவணப்படம். ‘லாரன்ஸ்’ எடுத்தவர் நங்கூரம் தேடிய கதை. சிரிப்பதா வேண்டாமா தெரியவில்லை.

ஆக 14 வருடத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்த மதிய விருந்தின் கணக்கில் போகும். மீதியை விழுங்கியது, ஒரு படம் போதும் என்று அவரிடம் சொல்ல ஆளில்லாமல் போனது.

பெங்களூரில் திரும்பியது

ஈ.எம். ஃபார்ஸ்டர் தன் ‘எ பேசேஜ் டு இந்தியா’ நாவலைப் படமாக்க உயிரோடு இருந்தவரை சம்மதிக்கவில்லை. 1970-இல் அவர் இறந்தார், உரிமை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போனது, பல வருடம் கழித்துத் தயாரிப்பாளர் ஜான் பிரபோர்ன் அதைப் பெற்றார். நாவலை நாடகமாக எழுதி 1960-இலேயே லண்டனில் மேடையேற்றியவர் சென்னையில் பிறந்த சாந்தா ராமராவ். லீன் அந்த நாடகத்தைப் பார்த்தவர். இந்தியாவும் புதிதில்லை, நான்காவது மனைவி லீலா மட்கர் ஹைதராபாத்காரர், ‘குவாய்’க்குப் பிறகு காந்தி படம் எடுக்கும் யோசனையில் கொஞ்ச நாள் அலைந்துவிட்டுத்தான் ‘லாரன்ஸ்’ பக்கம் போனார்.

இந்தத் தடவை காசு சுலபமாகக் கிடைக்கவில்லை. 75 வயது, 13 வருடமாகப் படம் இல்லை, கடைசியாக எடுத்த படத்துக்கு அவ்வளவு கெட்ட பேர், யார் கொடுப்பார்கள்? அரும்பாடுபட்டுச் சேர்த்தார்கள். பெங்களூரில் செட் போட்டார்கள், குகைகளுக்கு சாவனதுர்காவும் ராமநகரப் பாறைகளும் (‘ஷோலே’ எடுத்த அதே ராமநகரம்), மலையேறும் ரயிலுக்கு நம்ம நீலகிரி ரயில். விக்டர் பானர்ஜி ஓடும் ரயிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வருவாரே, அது அந்தப் பாதைதான்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. வெள்ளைக்கார நடிகர் அலெக் கின்னஸுக்கு முகத்தில் பழுப்புச் சாயம் பூசி இந்தியப் பேராசிரியர் காட்போலே ஆக்கியதை அன்றே கிண்டல் செய்தார்கள், இன்று பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பெண் அடேலா தனியாக சைக்கிளில் போய், இடிந்த கோவில் ஒன்றில் தழுவி நிற்கும் சிற்பங்களைப் பார்த்து நிற்பதும், குரங்குகள் கத்திக்கொண்டு துரத்துவதும் நாவலில் இல்லாதது, லீன் சேர்த்தது. சில நிமிடம், வசனம் கிடையாது, அந்தப் பெண்ணுக்குள் எது திறந்துகொண்டது, எதற்குப் பயந்தாள் என்று முழுக்கத் தெரிந்துவிடுகிறது. கதையின் மையமான குகைச் சம்பவத்துக்கு அடித்தளம் இங்கேயே விழுந்துவிட்டது. ‘ரையன்ஸ் டாட்டர்’ காட்டில் மூன்று மணிநேரம் தேடியும் கிடைக்காதது.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. திரைக்கதையை அவரே எழுதினார், 42 வருடம் கழித்து எடிட்டிங் மேஜையிலும் அவரே உட்கார்ந்தார். டைட்டிலில் இயக்கம், எடிட்டிங் இரண்டும் டேவிட் லீன் என்று வரும். 11 ஆஸ்கர் பரிந்துரை, அதில் எடிட்டிங்குக்கும் ஒன்று. ஜெயித்தது நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்டும் இசையமைப்பாளர் மாரிஸ் ஜாரும்.

அதற்கப்புறம் கான்ராடின் ‘நாஸ்ட்ரோமோ’ நாவலைப் படமாக்கப் பல வருடம் தயாராகி, ஷூட்டிங் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது 1991 ஏப்ரல் 16-ஆம் தேதி தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோனார். அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

‘லாரன்ஸ்’ படத்தைத் தியேட்டர்காரர்களின் வசதிக்காக ரிலீஸுக்குப் பிறகு குறைத்தார்கள், 1971-இல் இன்னும் குறைத்தார்கள், 222 நிமிடப் படம் 187-க்கு வந்து நின்றது. 80-களின் கடைசியில் ராபர்ட் ஹாரிஸ் என்பவர் டப்பா டப்பாவாகத் தேடித் தொலைந்த துண்டுகளை மீட்டார். சில இடத்தில் ஒலியே இல்லை. பீட்டர் ஓ’டூல் உட்படப் பிழைத்திருந்த நடிகர்கள் கால் நூற்றாண்டு கழித்து வந்து தங்கள் இளமைக் குரலுக்கு டப்பிங் பேசினார்கள். எல்லாம் சேர்ந்ததும் படம் திரும்ப முழு நீளத்துக்கு வந்தது. 80 வயது லீனை அழைத்து, ஆன் கோட்ஸையும் கூட உட்கார வைத்து, இதோ நீங்கள் இழந்த படம் என்று கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார், பார்த்துவிட்டு அங்கங்கே நறுக்கி ஆறேழு நிமிடத்தை எடுத்துப் போட்டுவிட்டார். 1989-இல் வெளியானது அந்தப் பதிப்புதான்.